மாடித் தோட்டம்: எந்தக் கலவை, எவ்வளவு ஆழம்?



சென்ற ஐப்பசி மழையில் நம் மஹல்லாவில் ஒரு வீட்டின் படுக்கை அறையில் மேல்தளப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பிள்ளைகள் மதரஸாவுக்குப் போயிருந்த நேரம். அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரணத்தைத் தேடி மாடிக்குப் போய்ப் பார்த்தபோதுதான் நமக்கே வெட்கமாக இருந்தது. அந்த மாடியின் நடுவில் செங்கல் வைத்து 10 அடி நீளம், 4 அடி அகலத்துக்குத் தொட்டி கட்டி, ஒரு அடி உயரத்துக்குச் செம்மண் நிரப்பியிருந்தார்கள். அந்த மண்ணை ஏற்றிக் கொடுத்தது நம் அறக்கட்டளைதான். கணவரை இழந்த ஒரு சகோதரி தன் வீட்டுத் தேவைக்குக் காய்கறி வளர்த்துக் கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தோம். எண்ணம் நல்லதாக இருந்தது, கணக்குப் பார்க்கவில்லை.

பூச்சைச் சரிசெய்து கொடுத்துவிட்டோம். தொட்டியையும் எடுத்துவிட்டோம். இன்று அதே மாடியில் பைகளில் கத்தரியும் கீரையும் நன்றாக இருக்கின்றன. இதே தவறு இன்னொரு வீட்டில் நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. மாடித் தோட்டம் போட நினைப்பவர்கள் விதை வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தீர்மானிக்க வேண்டும். ஒன்று, எந்தக் கலவையில் வளர்ப்பது. மற்றொன்று, எவ்வளவு ஆழத்தில் வளர்ப்பது. இவை இரண்டும் சரியாக இருந்தால் செடியும் பிழைக்கும், கூரையும் பிழைக்கும்.

நட்ட பயிரிலிருந்து மனிதர் மட்டுமல்ல, பறவையோ விலங்கோ உண்டாலும் நட்டவருக்கு அது தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை நாம் அறிவோம். பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அவர்களின் போதனையே. கீழே தூங்கும் பிள்ளையின் உயிருக்கும், சுவரைப் பகிர்ந்து வாழும் அண்டை வீட்டாரின் உரிமைக்கும் பங்கம் வராமல் பயிர் செய்வதுதான் முழுமையான நன்மை.

கூரை எவ்வளவு தாங்கும்?

ஆட்கள் ஏறி நடமாடும் கான்கிரீட் மொட்டை மாடி, தன் சொந்த எடை போக, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்தைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 875, பகுதி 2) சொல்கிறது. நம் கணக்கில் சொன்னால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 14 கிலோ. ஏறிப்போக வழியில்லாத, பழுது பார்க்க மட்டும் ஆள் ஏறும் கூரைக்கு இதில் பாதிதான்.

இப்போது மண்ணின் எடையைப் பாருங்கள். மழையில் நன்றாக ஊறிய தோட்ட மண் லிட்டருக்கு ஏறத்தாழ 1.8 கிலோ இருக்கும். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆக, ஒரு சதுர அடி இடத்தில் ஒரு அடி உயரத்துக்கு ஈர மண் நிரப்பினால் சுமார் 50 கிலோ. கூரைக்குச் சொல்லப்பட்டது 14 கிலோ. நாம் ஏற்றியது 50 கிலோ. அந்தச் சகோதரியின் வீட்டில் 40 சதுர அடியில் மொத்தம் 2 டன் நின்றிருக்கிறது. இரண்டு ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டிகளைத் தூண் மேலோ பீம் மேலோ வைக்காமல் தளத்தின் நடுவில் வைத்ததற்குச் சமம். மண்ணைக் காய்ந்த நிலையில் ஏற்றும்போது இந்த எடை தெரியாது. மழை பெய்தால்தான் தெரியும். எனவே எப்போதும் ஊறிய எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து தோட்டத்தைக் கைவிட வேண்டாம். மொத்த எடையை விட, அது எங்கே, எப்படி நிற்கிறது என்பதே முக்கியம். 20 அடிக்கு 20 அடி மாடியில் தலா 35 கிலோ எடையுள்ள 40 பைகளை ஓரங்களில் இடைவெளி விட்டுப் பரப்பி வைத்தால், மாடி முழுவதற்கும் சராசரியாகச் சதுர அடிக்கு மூன்றரை கிலோதான் வரும். அதே 40 பைகளை நடுவில் ஒட்டி ஒட்டி அடுக்கினால் அந்த இடத்தில் 35 கிலோ. எனவே,

• கனமான பைகளைக் கீழே சுவர் அல்லது பீம் ஓடும் வரிசையின் மேல் வையுங்கள். அறையின் நடுப்பகுதிக்கு மேலே வைக்காதீர்கள்.
• கைப்பிடிச் சுவரின் மேல் தொட்டி வைக்காதீர்கள். காற்றில் தெருவில் விழும்.
• பால்கனி, சன்ஷேடு போன்ற வெளியே நீட்டிய தளங்களில் பாரம் ஏற்றவே வேண்டாம்.
• கலவை தயாரிக்கும் நாளில் மூட்டைகளை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். தோட்டம் போட்ட பிறகு இல்லாத பாரம், போடும் நாளில் வந்துவிடுவது உண்டு.

சில வீடுகளில் மாடித் தோட்டமே வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் மாடிகள், ஓட்டுக் கூரை, சிமென்ட் ஷீட் கூரை ஆகியவை இதில் சேரும். கான்கிரீட் தளமாக இருந்தாலும் கீழிருந்து பார்க்கும்போது கம்பி தெரிகிறதா, துரு வழிந்த கறை இருக்கிறதா, விரிசல் ஓடுகிறதா, தட்டினால் உள்ளீடற்ற ஓசை வருகிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அத்தகைய வீடுகளில் முற்றத்திலோ, வாசல் ஓரத்திலோ பைகளை வைத்துக் கொள்ளலாம்.

கலவை எப்படி இருக்க வேண்டும்?

தரையில் உள்ள செடிக்கு வேர் எவ்வளவு தூரமும் போகலாம், கீழே ஈரம் இருக்கும், மண்புழு இருக்கும். மாடியில் பைக்குள் இருப்பதுதான் அதன் உலகம். அதனால் அந்தக் கலவை நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும்: எடை குறைவாக இருக்க வேண்டும், தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும், மிகுந்த தண்ணீரை விட்டுவிட வேண்டும், வேருக்குக் காற்றும் சத்தும் தர வேண்டும். இந்த நான்கையும் தனியாகச் செய்யும் பொருள் ஒன்றுமில்லை. அதனால்தான் கலக்கிறோம்.

தென்னை நார்க்கழிவு: கடைகளில் கோகோபீட் என்ற பெயரில் அழுத்திய கட்டியாகக் கிடைக்கும். காய்ந்தால் மிக லேசானது. தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடிக்கும். 5 கிலோ கட்டியை ஊற வைத்தால் 60 லிட்டருக்கு மேல் உப்பி வரும். ஆனால் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, அதில் உப்பு இருக்கும். ஊற வைத்து, பழுப்புத் தண்ணீரை வடித்து, மறுபடியும் நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது, மக்காத நார்க்கழிவில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. இரண்டுக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்பதையும் தாண்டும். அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும். செடி வெளிறி மஞ்சளாக நிற்பதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். மக்க வைத்த நார்க்கழிவு உரமாகவே கிடைத்தால் அதை வாங்குங்கள். இல்லையென்றால் தொழு உரத்தோடு கலந்து, ஈரமாக மூடி, சில வாரங்கள் வைத்திருந்து பயன்படுத்துங்கள்.

செம்மண்: நுண்சத்துகளையும் செடிக்குப் பிடிமானத்தையும் தருகிறது. காற்றில் செடி சாயாமல் இருக்கக் கொஞ்சம் கனமும் வேண்டும். ஆனால் கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். களிமண் வேண்டவே வேண்டாம்; ஊறினால் சேறு, காய்ந்தால் கல். கடற்கரை மணலையும் அள்ளி வந்து போடாதீர்கள். அதன் உப்பு செடியைக் கருக்கும்.

மண்புழு உரம் அல்லது மக்கிய தொழு உரம்: இதுதான் உணவு. நன்றாக மக்கியதற்கு அடையாளம், அது மண் வாசனை வீசும். சாண வாசனை வராது. கையில் எடுத்தால் சூடு இருக்காது. மக்காத சாணத்தைப் போட்டால் வேர் வெந்துவிடும், வண்டுப் புழுக்களும் வரும். தொழு உரத்தைக் கையாண்ட பின் கை, கால், உடையைச் சுத்தம் செய்துகொண்டு தொழுகைக்குப் போகும் பேணுதல் நம் அனைவருக்கும் தெரிந்ததே. மாடியில் தொழுகிறவர்கள் அதற்கான இடத்தைத் தனியாக ஒதுக்கி வைத்துக் கொள்ளுங்கள்.

சிறு சரளைப் பொருள்: உமிக்கரி, பெர்லைட், அல்லது பட்டாணி அளவில் உடைத்த செங்கல் துண்டு. இவை கலவைக்குள் காற்று இடைவெளியைக் காப்பவை. செங்கல்லும் உடைந்த ஓடும் நம் ஊரில் சும்மாவே கிடைக்கும். சிமென்ட் ஒட்டியிருக்கும் இடிபாட்டுத் துண்டு மட்டும் வேண்டாம். அதன் சுண்ணத் தன்மை கலவையைக் கெடுக்கும்.

அளவு எல்லாம் எடையில் அல்ல, கொள்ளளவில்தான். ஒரே பாத்திரத்தால் அளந்து போடுங்கள்.

கீரை, கொத்தமல்லி, புதினாவுக்கு: நார்க்கழிவு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு.

கத்தரி, வெண்டை, தக்காளி, மிளகாய்க்கு: மூன்றும் சம பங்கு, அதோடு உமிக்கரி அல்லது செங்கல் துண்டு அரைப் பங்கு.

பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கும் சேர்த்துக் கொள்ளலாம். கலந்த பிறகு ஈரமாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வைத்திருந்து விதைத்தால் நல்லது.

கலவை சரியா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். அடியில் ஓட்டை போட்ட 10 லிட்டர் வாளியில் கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊற விடுங்கள். ஒரு மணி நேரம் வடிந்த பின் தொங்கு தராசில் நிறுத்து, வாளியின் எடையைக் கழியுங்கள். 11 அல்லது 12 கிலோ வந்தால் மாடிக்கு ஏற்றது. 15 கிலோவைத் தாண்டினால் மண் அதிகம் என்று பொருள், நார்க்கழிவைக் கூட்டுங்கள். பிறகு ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர வேண்டும். உருண்டை உடையாமல் நின்றால் அதில் காற்றுக்கு இடமில்லை.

ஆழம் எதற்காக?

“ஆழம் கூடினால் செடி நன்றாக வரும், அதனால் எல்லாவற்றுக்கும் பெரிய பையே வாங்கலாம்” என்று நினைப்போம். ஒவ்வொரு அங்குல ஆழத்துக்கும் விலை இருக்கிறது. நம் லேசான கலவைகூட ஊறிய நிலையில் ஒரு சதுர அடியில் ஒரு அங்குலத்துக்கு இரண்டரை கிலோ வரும். 6 அங்குலத்துக்கு 15 கிலோ. ஆக, மாடி முழுவதும் 6 அங்குலம் பரப்பினாலே கூரைக்குச் சொல்லப்பட்ட அளவு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஆள் நடக்க இடமில்லை. மாடி முழுவதையும் மண்ணால் மூடும் பசுமைக் கூரை சாதாரண வீட்டுக்கு ஏன் ஒத்துவராது என்பது இதிலிருந்தே புரியும். ஜெர்மனி போன்ற நாடுகளில் அப்படிச் செய்கிறார்கள் என்றால், கட்டடத்தை அதற்காகவே வடிவமைத்து, நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் அடுக்கு, வடிகட்டும் துணி ஆகியவற்றை வரிசையாகப் போட்டு, அதன் மேல் நுரைக்கல், சுட்ட களிமண் உருண்டை போன்ற லேசான பொருள்களைப் பரப்புகிறார்கள். அங்கும் குறைந்த ஆழக் கூரைகளில் புல்லும் சதைப்பற்றுள்ள சிறு செடிகளும்தான் வளர்கின்றன, காய்கறி அல்ல. புது வீடு கட்டுபவர்கள் அப்படி விரும்பினால், தளம் போடுவதற்கு முன்பே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டிய பிறகு அல்ல.

நமக்கு ஏற்றது, செடிக்குத் தேவையான ஆழத்தை மட்டும் கொடுப்பது.

• அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, வெந்தயம், கொத்தமல்லி, புதினா: 6 அங்குலம். அகலமான தட்டு அல்லது பை போதும்.
• முள்ளங்கி, பீட்ரூட், சின்ன வெங்காயம்: 8 முதல் 10 அங்குலம்.
• மிளகாய், கத்தரி, தக்காளி, வெண்டை, கொத்தவரை: 12 அங்குலம். 12 அங்குல அகலமுள்ள உருளைப் பையில் சுமார் 22 லிட்டர் பிடிக்கும். ஊறினால் 25 கிலோவுக்கு மேல் வரும்.
• பாகல், புடல், சுரை, பீர்க்கு, அவரை: 15 அங்குலம். பைக்கு 50 கிலோ என்று வைத்துக் கொள்ளுங்கள். சுவர் ஓரம் மட்டும்.
• எலுமிச்சை, கறிவேப்பிலை, குட்டை ரக முருங்கை: 18 முதல் 24 அங்குலம். 80 கிலோவிலிருந்து 100 கிலோவுக்கு மேலும் போகும். வீட்டுக்கு ஒன்றிரண்டு, அதுவும் தூண் இருக்கும் மூலையில்.

ஆழம் குறைவான தட்டுகளில் ஒரு சங்கடம் உண்டு. பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றை நீரில் நனைத்துப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதையே நிமிர்த்திப் பிடியுங்கள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சொட்டும். தண்ணீர் அதே, பஞ்சும் அதே. உயரம் மட்டுமே மாறியது. எந்தத் தொட்டியிலும் வடிந்த பிறகு அடியில் சில விரற்கடை உயரத்துக்கு ஈரம் தேங்கியே நிற்கும். 12 அங்குலப் பையில் அது சிறு பகுதி. 6 அங்குலத் தட்டில் அதுவே பாதியாகிவிடலாம். வேர் அதில் அழுகும். அதனால் ஆழம் குறையக் குறையக் கலவை கொரகொரப்பாக இருக்க வேண்டும். கீரைத் தட்டுக்கு உமிக்கரியோ செங்கல் துண்டோ சற்றுத் தாராளமாகச் சேருங்கள்.

அடியில் ஒரு அடுக்கு ஜல்லி போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று காலம் காலமாகச் செய்து வருகிறோம். அது உதவாது. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. தேங்கும் ஈரம் ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்கு இருந்த ஆழமும் குறையும், எடையும் கூடும். வடிகால் ஓட்டை அடைபடாமல் ஒரு ஓட்டுத் துண்டோ தேங்காய் நாரோ வைத்தால் போதும்.

விதையும் நாற்றும் எவ்வளவு ஆழத்தில்?

பொதுவான அளவு, விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம். கீரை விதையை மணலோடு கலந்து மேலே தூவி, லேசாகக் கலவை தூவி மூடினால் போதும். ஆழமாகப் புதைத்தால் முளை மேலே வருவதற்குள் அதன் சேமிப்பு தீர்ந்துவிடும். கொத்தமல்லியை இரண்டாக உடைத்து ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். வெண்டை, பாகல், சுரை விதைகளை இரவு முழுவதும் ஊற வைத்து, இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள்.

தக்காளி நாற்றை அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் ஒரு பகுதி புதையும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரியையும் மிளகாயையும் நாற்றங்காலில் இருந்த ஆழத்திலேயே நடுவது நல்லது. புதினாவை விதைக்க வேண்டியதில்லை. கடையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை எடுத்து, இரண்டு கணுக்கள் உள்ளே போகும்படி ஊன்றினால் பிடித்துக் கொள்ளும்.

நோன்புக் கஞ்சிக்கும் பிரியாணிக்கும் நம் வீடுகளில் புதினா, மல்லிச் செலவு எவ்வளவு என்று பெண்களுக்குத் தெரியும். ரமளானுக்கு இரண்டு மாதம் முன்பே புதினாத் தண்டையும், ஒன்றரை மாதம் முன்பே மல்லியையும் போட்டுவிடுங்கள். கீரைக்கு நான்கு தட்டு வைத்து, வாரம் ஒரு தட்டாக விதைத்தால், முதல் தட்டு அறுவடைக்கு வரும்போது நான்காவது முளைவிட்டிருக்கும். மாதம் முழுவதும் கீரை இருக்கும்.

தண்ணீர், வெயில், பராமரிப்பு

ஆழம் குறைந்த தட்டு சீக்கிரம் காயும். சித்திரை, வைகாசியில் கீரைத் தட்டுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தேவைப்படும். ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். அடியில் சொட்டு விழ ஆரம்பித்தால் போதும். ஒளூச் செய்யும் தண்ணீரில் சோப்பு கிடையாது. அதை ஒரு வாளியில் பிடித்தால் தோட்டத்துக்கு அதுவே பெரிய உதவி. அரிசி கழுவிய தண்ணீரும் நல்லது. வீண் விரயத்தைத் தவிர்த்த நன்மையும் சேரும்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில், அந்த உப்பு பைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். மேலே வெள்ளை படிந்தால் அதுதான் அடையாளம். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து, அவ்வப்போது அடி வழியே நன்றாக வழியும்படி ஊற்றி அலசி விடுங்கள். பீட்ரூட், பாலக்கீரை போன்றவை உப்பை ஓரளவு தாங்கும். அவரை, பீன்ஸ் வகைகள் தாங்காது.

பைகளைத் தளத்தின் மேல் நேராக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேலோ, ஸ்டாண்டு மேலோ வைத்தால் அடியில் காற்று ஓடும், தளம் காயும், ஒழுக்கு வராது. மழைநீர் வடிகுழாய் வாயில் வலை கட்டி, மழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். சருகு அடைத்து மாடியில் தண்ணீர் தேங்கினால், நான்கு அங்குல உயரத் தண்ணீரே சதுர அடிக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் பாரம். பைக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். டெங்குக் கொசு அங்கேதான் முட்டையிடும். பறவைகள் போடும் விதையால் விரிசலில் முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

உரமும் நார்க்கழிவும் மக்க மக்கக் கலவை தணிந்துகொண்டே போகும். 12 அங்குலம் இருந்த இடத்தில் ஒரு வருடத்தில் 9 அங்குலம்கூட ஆகலாம். ஒவ்வொரு பயிர் முடிந்ததும் பழைய வேரை அகற்றி, கலவையைக் கிளறி, மண்புழு உரம் சேர்த்து நிரப்புங்கள். குறைந்த உயரத்துக்கு வெறும் மண்ணை மட்டும் போட்டு நிரப்பினால், மூன்று வருடத்தில் பை முழுவதும் மண்ணாகிவிடும். விட்ட தவறு வேறு வழியில் திரும்பி வரும்.

அண்டை வீட்டாரையும் நினைவில் வையுங்கள். நம் பையில் வழியும் தண்ணீர் அவர்கள் சுவரில் இறங்கக் கூடாது. நம் கொடி அவர்கள் துணிக் கொடியில் படரக் கூடாது. வீடுகள் நெருக்கமாக உள்ள தெருக்களில், மாடியில் வேலை செய்யும்போது பக்கத்து முற்றம் கண்ணில் படும். அந்தப் பக்கமாக அவரையோ பாகலோ பந்தல் ஏற்றிவிட்டால் இரு வீட்டுப் பெண்களுக்கும் மறைப்பாக இருக்கும். முதல் காயில் ஒரு பங்கு அந்த வீட்டுக்கும் போகட்டும்.

இனி நாம் செய்யப் போவது

இந்த ஆண்டிலிருந்து நம் அறக்கட்டளை யாருக்கும் மண் மூட்டை ஏற்றிக் கொடுக்காது. மாடித் தோட்ட உதவி கேட்கும் குடும்பங்களின் மாடியை முதலில் வந்து பார்ப்போம். தளம் நல்ல நிலையில் இருந்தால் பைகள், அலசிய நார்க்கழிவு, மண்புழு உரம், விதை ஆகியவற்றைக் கொடுப்போம். எந்தப் பை எங்கே என்று சுண்ணாம்புக் கட்டியால் குறித்தும் தருவோம். சந்தேகம் இருந்தால் பொறியாளர் பார்த்த பிறகுதான். இதில் யாரும் மனம் வருந்த வேண்டாம். அரசின் தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித் தோட்டத் தளைகளிலும் நார்க்கழிவுப் பைகளே கொடுக்கப்படுகின்றன. இருப்பு இருக்கும்போது விண்ணப்பிக்க விரும்புவோருக்கு அலுவலகத்தில் உதவுகிறோம்.

ஏற்கெனவே மாடியில் செங்கல் தொட்டி கட்டி மண் நிரப்பியிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மழைக்கு முன் அந்த மண்ணை இறக்கிவிடுங்கள். ஆள் கூலி கொடுக்க இயலாத குடும்பங்கள் நம்மிடம் சொன்னால் போதும். ஜும்ஆவுக்குப் பின் நம் இளைஞர்கள் வந்து இறக்கித் தருவார்கள், இன்ஷா அல்லாஹ். இறக்கிய செம்மண் வீணாகாது. பைகளுக்கு ஒரு பங்கு தேவைப்படுகிறது.

நம் கைகளின் உழைப்பில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நம் வீடுகளையும், அதன் கீழ் உறங்கும் நம் பிள்ளைகளையும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.